காதர் பாய் பிரித்த ஹார்ன்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் பேரைச் சொன்னபோது நான் டீக்கடையில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் காதர் பாய் மௌத்தாகிவிட்டார், மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒலிபெருக்கி இருந்த பக்கம் திரும்பவில்லை. என் வலது கையைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அந்தக் கையால்தான் நான் பாயின் வாயில் அடித்திருந்தேன்.

"ஏம்பா முனுசாமி, நீ அடிச்சதுலதான் போய்ட்டாரா?" என்றான் டீ ஆற்றுகிறவன்.

"இவன் ஒருத்தன், கேக்கறதுக்கு நேரம் பாத்தான் பாரு" என்று பெஞ்சில் இருந்த ஒருத்தர் அவனை அதட்டினார். அதட்டிவிட்டு அவரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பன் டீயில் கரைந்து விழுந்துவிட்டது. நான் எழுந்து பாய் வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டேன். அவர் மகன் இஸ்மாயில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னா கேள்வி இது? அத்தாவைக் குளிப்பாட்டப் போறாங்க, வந்து நில்லுங்க" என்றான். விடியற்காலைத் தொழுகை முடித்துப் படுத்தவருக்கு நெஞ்சு நின்றுவிட்டதாம். நான் அடித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். அதை இஸ்மாயிலிடம் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதையே சொன்னான். முகத்துத் துணியை விலக்கிக் காட்டியபோது உதட்டில் என் அடி விழுந்த இடம் இன்னும் கறுப்பாக இருந்தது.

நாற்பதாம் நாள் பாத்தியா ஓத வருகிற உங்களிடம் பாயைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், இஸ்மாயில் எழுதுகிறான். அவன் அப்பாவை அடித்த கதையை அவன் கையாலேயே எழுதுகிறான். பேனா நிற்கும்போது, "எழுதுடா" என்கிறேன்.

பாயை உங்களுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தகரம் போட்ட கடை. பழைய மோட்டார் சைக்கிளாக இருந்தால் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் தேடிக்கொண்டு வருவார்கள். வலது கையில் இரண்டு விரல் முழுசு. மற்ற மூன்றும் நசுங்கி, வளைந்து, நகமில்லாமல் இருக்கும். அந்தக் கையால்தான் ஊசி மாதிரித் திருகையும் பிடிப்பார். "உப்புக் காத்து அடிக்கிற ஊருய்யா இது. ஒரு திருகை வருஷத்துக்கு ஒரு வாட்டி கழட்டலன்னா அப்புறம் அதைக் கழட்ட முடியாது, ஒடைக்கத்தான் முடியும்" என்பார்.

சாது மனுஷன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் கிளியனூர்க்காரன் ஒருத்தன் வண்டி எடுக்க வந்தான். பின்னால் உட்கார வந்த பெண்சாதி பையைக் கீழே போட்டுவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் அவளை அறைந்தான். பாய் ஸ்பேனரை வைக்கவில்லை, வீசினார். அது அவன் முழங்காலில் பட்டது. அவன் நொண்டிக்கொண்டே கெட்ட வார்த்தை பேச, பாய் வண்டிச் சாவியை உருவி அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். "சாவி இனிமே இந்தம்மாகிட்ட. கெஞ்சு, குடுத்தா ஓட்டு. இல்லன்னா ஷேர் ஆட்டோ வருது, ஏறிப் போ" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அவன் கெஞ்சினான்.

இனி, அந்த ஹார்ன்.

நாற்பது வருஷத்துக்கு மேலே இருக்கும். நானும் என் தம்பி ஏழுமலையும் உப்பளத்தில் கூலி. எங்களுக்கு மேலே தொரக்கண்ணு மேஸ்திரி. அனுமந்தை ஊர்க்காரன். புல்லட் வைத்திருந்தான். பாத்திகளுக்கு நடுவில் போகிற வரப்பில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருவான். வரப்பு அகலம் இல்லாதது. ஒரு வண்டி போகலாம், இல்லை கூடை சுமக்கிற ஆள் போகலாம். அவன் வைத்த சட்டம் இது. ஹார்ன் கேட்டதும் வரப்பில் இருக்கிறவன் தலைச்சுமையோடு பாத்திக்குள் இறங்கி நிற்க வேண்டும். காலில் வெடிப்பு இருக்கும், உப்புத் தண்ணீர் அதில் புகுந்து நெருப்பு வைக்கும். இறங்கத்தான் வேண்டும். இறங்காதவனுக்கு வண்டியை நிறுத்தி சைக்கிள் செயினால் அடி. பொம்பளை, ஆம்பளை, வயசு ஒன்றும் கிடையாது. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என் தம்பி பெண்சாதி தனம் ஒரு நாள் மெதுவாக இறங்கினாள் என்று முதுகில் இழுத்தான். ஜாக்கெட் கிழிந்து ரத்தம் கூடை உப்பில் விழுந்தது. அந்தக் கூடையையும் சுமக்க வைத்தான்.

அன்று சாயங்காலம் உப்பளக் கொட்டகையில் ஆள் எல்லாரும் இருக்க மேஸ்திரியைப் பார்த்து நான் கத்தினேன். "அந்த ஹார்னை ஒடைக்கிறேன் பாருடா! ஒடைச்சி உன் வாயில திணிக்கிறேன்!" உப்பு வாருகிற பலகையை ஓங்கிக்கொண்டு போனேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் ஹார்னைத் தொடக்கூட இல்லை. நான் கத்தினதை மட்டும் ஊரே கேட்டது.

அங்கிருந்து மேஸ்திரி நேராகக் காதர் பாய் கடைக்குப் போனான். ஹார்ன் சத்தம் கம்முகிறது என்று சொன்னான். பாய் ஹார்னுக்குள் இருக்கிற பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பின்பக்கத் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, சத்தம் சுத்தமாக வருகிற இடத்தில் நிறுத்திக் கொடுத்தார். மேஸ்திரி அதை அடித்துப் பார்த்துக்கொண்டே போனான். இது பாய்க்குத் தெரியும். ஹார்ன் வேலை செய்தது என்று இந்த ஊரில் கையால் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் காலை ஏழுமலை உப்புக் கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தான். நான் பக்கத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தேன். மற்ற ஆட்கள் தூரத்தில், உப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம். காற்று கடலிலிருந்து அடித்தது. அவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. மேஸ்திரி ஹார்னில் வைத்த விரலை எடுக்காமல் வந்தான். ஏழுமலை நின்றான். கூடையை இறக்கிவைத்தான். திரும்பி வண்டியைப் பார்த்து நின்றான். நான், "டேய், எறங்குடா, எறங்கித் தொலைடா!" என்று கத்தினேன். என்னை ஒரு தடவை பார்த்தான். இறங்கவில்லை. மேஸ்திரி பிரேக்கைத் தொடவில்லை.

வண்டி அவனை மார்பில் ஏற்றிக்கொண்டு பாத்திக்குள் விழுந்தது. நான் ஓடிப் போனபோது ஹேண்டில் பார் அவன் விலாவுக்குள் இருந்தது. கண் திறந்திருந்தது. திறந்த கண்ணில் உப்புத் தண்ணீர். அவன் கண்ணைச் சிமிட்டவில்லை. ஹார்ன் மட்டும் பொத்தான் மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் முகம் புதைந்து கொரகொர என்று கத்திக்கொண்டே இருந்தது. மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தான். பலகையால் தோளில் போட்டேன். எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கு இனித்தது. இதையும் எழுதுடா இஸ்மாயில். பிறகு வண்டியைப் புரட்டி அந்த ஹார்னை அடித்தேன். இரண்டாவது அடியில் அதன் வாய் மடிந்து உள்ளே போனது. சத்தம் நின்றது. அதற்குள் மேஸ்திரியின் ஆட்கள் வந்து என் பல்லை உடைத்தார்கள்.

மேஸ்திரி கதையைத் திருப்பினான். முனுசாமி முந்தின நாள் சாயங்காலமே கொட்டகையில் ஹார்னை உடைத்துவிட்டான், ஹார்ன் இல்லாமல் போனேன், ஏழுமலைக்குக் கேட்கவில்லை, திடீரென்று குறுக்கே வந்துவிட்டான் என்றான். நான் உடைக்கிறேன் என்று கத்தினதைக் கேட்ட ஆட்கள், உடைத்ததையும் பார்த்ததாகச் சொன்னார்கள். வேலை போய்விடும் என்று பயம். தம்பி செத்தது விபத்து என்று முடிந்தது. மேஸ்திரி தோளை உடைத்ததற்கு எனக்கு இரண்டு வருஷம். ஊர் எனக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிசு. தம்பியைக் கொன்ற அண்ணன். கருமாதி அன்றைக்குப் போலீசோடு நான் வந்து நின்றபோது தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, விளக்குமாற்றால் என் முகத்தில் அடித்தாள். "உன் கோவம் என் புருஷனைத் தின்னுச்சு. இனிமே உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை நான் கேக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடி இருந்தாள். நாற்பது வருஷம் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனாள்.

பாய் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் அதைக் கேட்கத்தான் ஜெயிலிலிருந்து வந்த அன்றைக்கே இரும்புக் கம்பியோடு அவர் கடைக்குப் போனேன். அவர் ஓடவில்லை. வலது கையை மேஜைமேல் வைத்தார். ஹார்ன் முந்தின நாளே உடைந்துதான் கடைக்கு வந்தது என்று சாட்சி சொல்லச் சொல்லி, மேஸ்திரி ஆட்கள் அந்தக் கையை அவருடைய வைஸிலேயே வைத்துத் திருகியிருந்தார்கள். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். ஒரு சுற்றுக்கு ஒரு கேள்வி. பாய் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போய் உண்மையையும் சொல்லவில்லை.

"எந்தக் கையில அடிக்கப் போற? இதுல ஏற்கெனவே ஆயிடுச்சி. இந்தா, இன்னொண்ணு" என்று இடது கையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

கம்பியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். டீ சொன்னார். அன்றிலிருந்து தினமும் அவர் கடையில் டீ குடித்தேன். உலகத்தில் உள்ளதெல்லாம் பேசினோம். ஹார்ன் என்ற வார்த்தை மட்டும் எங்கள் நடுவில் விழுந்ததில்லை. ஏதாவது வண்டிக்கு ஹார்ன் வேலை வந்தால் நான் போன பிறகுதான் எடுப்பார்.

மேஸ்திரிக்குத் தோள் கூடவில்லை. அவன் மறுபடி வண்டி ஓட்டவே இல்லை. புல்லட் அவன் வீட்டுக் கொட்டகையில், மடிந்த ஹார்னோடு, அப்படியே கிடந்தது. அவன் செத்தும் வெகுகாலம் ஆகிறது. இந்த வருஷம் அவன் பேரன் கார்த்தி, சென்னையில் வேலை பார்க்கிற பையன், பழைய வண்டி ஊர்வலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதை வேனில் ஏற்றிப் பாய் கடைக்குக் கொண்டுவந்தான். எல்லாம் அந்தக் காலத்துச் சாமானாகவே இருக்க வேண்டும், ஹார்ன் உட்பட என்றான். "இதை எவனோ குடிகாரன் ஒடைச்சிட்டானாம் பாய். அதனாலதான் எங்க தாத்தாவால ஒருத்தரைக் காப்பாத்த முடியாம போச்சாம்" என்றானாம். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், நான் கடைப் பக்கம் போகவில்லை. வண்டி வந்தது எனக்குத் தெரியாது.

அன்று நடந்தது அந்தச் சாலையில் இருந்தவர்கள் சிலருக்குத் தெரியும். காய்ச்சல் விட்டு முதல் நாள் நடந்து போகிறேன். கடைக்கு நூறடி இருக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. ஆயிரம் ஹார்னில் அதை எனக்குத் தெரியும். என் கால் உடனே சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எழுபத்தஞ்சு வயசில் இறங்கி நிற்கிறேன். அது தெரிந்ததும் எனக்குக் கண் இருண்டது. ஏறி ஓடினேன். கடைக்குள் அந்தப் புல்லட். பாயின் நசுங்கின விரல் பொத்தானில் இருந்தது. பக்கத்தில் கார்த்தி சிரிக்காமல் நின்றான்.

"அந்த விரலால அமுக்கறியாடா!" என்று வாயில் அடித்தேன். உதடு கிழிந்து பாய் வண்டிமேல் சாய்ந்தார். இழுக்க வந்த கார்த்தியின் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் இரண்டு விட்டேன். மேஜையிலிருந்து சுத்தியலை எடுத்தேன். பாய் எழுந்து தலையால் என் நெஞ்சில் மோதினார். இரண்டு கிழவனும் ஆயில் கொட்டின தரையில் விழுந்தோம். அவர் என் கழுத்தில் முழங்கையை வைத்து அழுத்த, நான் அவர் காதைப் பிடித்துத் திருக, இஸ்மாயில் எங்கள் நடுவில் புகுந்து இரண்டு பேரிடமும் உதை வாங்கினான்.

"பாயை வுடு மாமா."

நாற்பது வருஷமாகக் கேட்காத குரல். தனம் வாசலில் நின்றாள். சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து அப்போதுதான் தாண்டி வந்திருந்தாள். என் கை தானாக விட்டது.

பாய் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். வண்டி வந்ததும் அவர் ஹார்னில் கை வைக்கவில்லை. இஸ்மாயிலை அனுப்பித் தனத்தை வரவழைத்தார். அவளையும் கார்த்தியையும் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு, மடிந்து உள்ளே போயிருந்த வாயை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார். மடிப்புக்குள்ளே கறுப்புச் சேறு. உப்புத் துகள் ஒட்டின, பாத்தியின் அடிச்சேறு. கல்லாக இறுகி இருந்ததாம். தனம் கிள்ளி எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாளாம். அந்தச் சேற்றை மிதித்தே வயசானவள், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கார்த்தி, "சேறு எப்ப வேணா பட்டிருக்கலாமே பாய்" என்றானாம்.

"வெளிய பட்டிருந்தா நீ சொல்றது சரி. மடிப்புக்குள்ள எப்படிப்பா போவும்? மொதல்ல சேறு போயிருக்கு, அப்புறம்தான் அடி விழுந்திருக்கு. உங்க தாத்தா சொன்ன உப்பளக் கொட்டகையில மணல்தான் இருந்துச்சு. இது பாத்தியில வுழுந்த பொறவு ஒடைச்சது. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நானேதான் இதை டியூன் பண்ணிக் குடுத்தேன். நல்லா இருந்துச்சு" என்று பாய் சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் சொல்லாததை அவனிடமும் தனத்திடமும் சொல்லியிருக்கிறார்.

தனம் அதோடு விடவில்லை. "சத்தம் நான் கேக்கணும் பாய். தூரத்துல நின்னு கேக்கணும். கேக்காம இருக்குமான்னு நானே பாக்கணும்" என்றாளாம். அதற்காகத்தான் பாய் அதைச் சரிசெய்தார். உள்ளே இருந்த தகடு, காயில், எல்லாம் அதே. பாயிண்ட் மட்டும் புதுசு. வாயை மரக்கட்டை வைத்துத் தட்டி நிமிர்த்தி, திருகை அன்றைக்கு வைத்த அதே இடத்தில் வைத்தார். தனம் சாலைக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். பாய் அமுக்கினார். அந்த நேரம்தான் நான் வந்தது.

"செவுடனுக்கும் கேக்கும் மாமா. அவரு கேட்டுட்டுதான் நின்னாரு" என்றாள் தனம்.

நான் எழுந்தேன். பாயும் எழுந்தார். "சொல்லியிருக்கணும், அன்னிக்கே. லேட்டுய்யா" என்றார். அப்போது அவரை இன்னொரு தடவை அடித்தேன். முதல் அடி தெரியாமல் அடித்தது. இது தெரிந்தே அடித்தது. நாற்பது வருஷம் அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே உள்ளே வைத்திருந்த அடி. ஒரு பல் ஆடிப்போனது. பாய் கடைவாயைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சரி" என்றார். இஸ்மாயிலைப் பார்த்து, "மூணு டீ சொல்லு. இல்ல, நாலு. அந்தப் புள்ளைக்கும்" என்றார்.

கார்த்தி டீ குடிக்கவில்லை. ஹார்ன் தனக்கு வேண்டாம் என்றான். பாய் தன் கையாலேயே அதை வண்டியில் மாட்டினார். "வண்டியோடதான் போவணும். ஊர்வலத்துல நல்லா அமுக்கு. எவனாவது நல்லா இருக்கேன்னு கேட்டா, இதால உங்க தாத்தா என்னா பண்ணாருன்னு சொல்லு" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு தள்ளிக்கொண்டு போனான். சொன்னானா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் நான் போய் முதல் அடிக்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவதுக்கும் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "அதை வச்சிக்கறேன், அது என்னுது" என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் தனம் என் வீட்டுக்கு வந்தாள். கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்தாள். அன்று காலை என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கூடையை எப்படி இறக்கினான், எந்தப் பக்கம் திரும்பினான், என்னைப் பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்தது, எல்லாம் கேட்டாள். நாற்பது வருஷம் யாரும் கேட்காததால் எனக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. அழாமல் கேட்டாள். நேற்றும் வந்தாள். "அவரு எறங்காம நின்னாரு பாரு, அதை மட்டும் இன்னொரு வாட்டி சொல்லு மாமா" என்றாள். சொன்னேன்.